யுத்தம் எமது லயத்துக்கும் வந்தது

(கண்டியில் நடைபெற்ற தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான தொழிற்சங்கக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், செக்ரோல், சேமலாப நிதி, நிறுவையில் கழிக்கும் கிலோ என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று யுத்தத்தைப் பற்றியும் அதன் ஞாபகத்தைப் பற்றியும் பேசுவதென்று முடிவு செய்திருக்கிறோம். "அது வடக்கு கிழக்கு விசயம். முடிந்தும் பல வருசமாகிவிட்டது. கொழுந்து பறிக்கிற நமக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

1983 ஜூலை முதல் 2009 மே வரை, ஏறக்குறைய 26 வருடங்கள் இந்த நாட்டில் யுத்தம் நடந்தது. அதை நினைவுகூர நாட்டில் இடங்கள் உண்டு. கண்டியிலிருந்து கொஞ்ச தூரம் போனால் மயிலப்பிட்டியவில் இரணவிரு நினைவுத்தூபி இருக்கிறது. மே மாதம் வந்தால் தெற்கிலே படைவீரர்களுக்கு அஞ்சலி நடக்கிறது. அதே மாதம் 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் தாய்மார் கூடி விளக்கேற்றுகிறார்கள். கடைசி நாட்களில் உயிரைப் பிடித்துவைத்த அந்த உப்புக் கஞ்சியைக் காய்ச்சி ஊருக்கு ஊர் கொடுக்கிறார்கள். இரண்டும் இரண்டு விதமான ஞாபகம். ஒன்றுக்கு அரசாங்கத்தின் கல்லும் சீமெந்தும் உண்டு. மற்றதற்குப் பல வருடம் தடையும் பொலிஸ் காவலும்தான் கிடைத்தன.

நமது ஞாபகம் எங்கே இருக்கிறது? தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் ஹேவாஹெட்டையிலும் இரங்கலையிலும் உள்ள எமது லயங்களில் யுத்தத்தின் பெயரால் ஒரு கல் நடப்பட்டிருக்கிறதா? ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? இல்லை. அதனால்தான் நமது பிள்ளைகள், யுத்தம் நமக்கு நடக்கவில்லை என்று நினைத்து வளர்கிறார்கள். நாம் வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறோம். "ஜூலைக் கலவரம் எங்கே நடந்தது?" என்றால் "கொழும்பில்" என்று சொல்கிறார்கள். "யுத்தம் எங்கே?" என்றால் "யாழ்ப்பாணத்தில்." அவர்களுடைய பாட்டி கைப்பிள்ளையோடு தேயிலைக்குள் இரவைக் கழித்தது அவர்களுக்குத் தெரியாது. பாட்டி சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தோழர்களே, யுத்தத்துக்கு 1983 என்று ஆண்டு போடுகிறார்கள். நம்மைப் பொறுத்தவரை அது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கூறு போட்டது: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சமுள்ள ஒன்றரை இலட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பங்கு பிரிப்பதைப் போலப் பிரித்தார்கள். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தின்போது கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள் பல கைமாறின. வேலை குறைந்தது. அதோடு பஞ்சமும் சேர்ந்தது. எங்கள் பெரியவர்கள் அதைப் "பஞ்ச காலம்" என்று இன்றும் சொல்வார்கள். பிறகு 1977 ஆகஸ்ட் கலவரம். பிறகு 1981 ஆகஸ்ட்.

அடிபட்டவர்கள் எங்கே போனார்கள்? வடக்கே போனார்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறினார்கள். டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களுக்குப் பண்ணைக் குடியிருப்புகள் அமைத்துக் கொடுத்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள்ளே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். வெலிக்கடைப் படுகொலை என்றதும் போராளித் தலைவர்களின் பெயர்களைத்தான் நாடு சொல்லும். தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட மக்களுக்குக் குடிசை போட்டுக் கொடுத்த ஒரு வைத்தியரும் அங்கே கொல்லப்பட்டார் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஜூலையில் கண்டி என்ன ஆனது? 24ஆம் திகதி இரவு பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கிய வெறி 26ஆம் திகதி பிற்பகல் கண்டிக்கு வந்து சேர்ந்தது. பேராதனை வீதி, கொழும்பு வீதி, திருகோணமலை வீதி என்று தமிழர் கடைகள் எரிந்தன. மாத்தளையும் பதுளையும் எரிந்தன. நாம் சம்பள நாளில் துணி எடுக்கிற கடை, நகை அடகு வைக்கிற கடை, தீபாவளிக்குக் கடன் தருகிற கடை எல்லாம் சாம்பலாகின. கடைக்காரர் பலர் திரும்பி வரவில்லை. நகரத்தில் எரிந்தது தோட்டத்துக்கு இரண்டு மூன்று நாளில் தெரிந்தது. லயத்தில் விளக்கு அணைந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்கு மேலே போனார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து தாக்க வந்தவர்களும் உண்டு. அதே கிராமத்திலிருந்து வந்து, "பயப்படாதீர்கள், எங்கள் வீட்டில் இருங்கள்" என்று அழைத்துப்போன அப்புஹாமிமாரும் மெனிக்கேமாரும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மையான ஞாபகம். ஒன்றை மட்டும் சொன்னால் அது பகையாகவோ பசப்பாகவோ போய்விடும்.

அதன் பிறகு யுத்தம் நம்மிடம் துவக்கோடு வந்ததைவிடக் கடதாசியோடு வந்ததுதான் அதிகம். 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. சோதனைச் சாவடியில் முதலில் கேட்டது தேசிய அடையாள அட்டையை. நம்மில் எத்தனை பேருக்கு அது இருந்தது? லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவில்லை; பதிவில்லாததால் அட்டை இல்லை; அட்டை இல்லாததால் சந்தேக நபர். கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போன நமது பொடியன்களும் பிள்ளைகளும் பஸ்ஸை விட்டு இறக்கப்பட்டார்கள். சிலர் மாதக் கணக்கில், சிலர் வருடக் கணக்கில் உள்ளே இருந்தார்கள். தெளிவத்தை ஜோசப் ஐயா போன்றவர்கள் அந்தப் பயத்தைக் கதையாகவும் நாவலாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். வழக்குப் புத்தகங்களில் இல்லாதது அவர்களுடைய எழுத்தில் இருக்கிறது.

குடியுரிமைக் கதையிலும் யுத்தத்தின் கை இருக்கிறது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன கப்பல் 1984இல் நின்றது. கடவுச்சீட்டு எடுத்து, பாத்திரம் பண்டம் விற்று, பயணத்துக்கு நின்ற குடும்பங்கள் அப்படியே நின்றன. அவர்கள் அந்த நாட்டுக்கும் போகவில்லை, இந்த நாட்டுக்கும் சொந்தமாகவில்லை. 1985இல் திம்புவில் தமிழ் அமைப்புகள் வைத்த நான்கு கோரிக்கைகளில் ஒன்று நமது குடியுரிமை. 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. கப்பல் நின்றதால் தங்கிவிட்டவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒரு முடிவுக்கு வந்தது. சட்டம் வர நாம் செய்த சத்தியாக்கிரகமும் வேலைநிறுத்தமும் காரணம். நாடு எரிந்துகொண்டிருக்கும்போது இன்னொரு பக்கமும் தீப்பிடித்துவிடக் கூடாது என்ற அரசாங்கத்தின் கணக்கும் காரணம். இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

2000 அக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். அரசாங்கக் காவலில் இருந்த பிள்ளைகள். கீழ் நீதிமன்றம் 5 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலையானார்கள். அந்தச் சாவுகளுக்காக மலையகம் கொந்தளித்தது. தலவாக்கலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அது எந்தத் தூபியில் எழுதியிருக்கிறது?

1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையில் புலிகள் குண்டு வெடிக்க வைத்தார்கள். கும்பிடப் போன அப்பாவிகள் செத்தார்கள். அது நமது பெயரால் நடந்ததாகச் சொல்லப்பட்டது. நம்மைக் கேட்டு நடக்கவில்லை. அதன் பின் கண்டி நகரத்தில் நடமாடுவதே நமக்கு வேறு மாதிரியாகிவிட்டது. மாளிகைக்கு முன்னால் வாகனம் போன வீதி மூடப்பட்டது. நமது வாயும் கூடவே மூடியது. பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசாதே, பொட்டை அழித்துக்கொள், ரேடியோவைக் குறைத்து வை என்று தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். யுத்தம் ஒரு சமூகத்தின் கலாசாரத்தை மாற்றுவது என்றால் இதுதான். புத்தகத்தில் பெரிய சொற்களாக எழுதுவார்கள். நம்மிடம் அது ஒரு பொட்டிலும் ஒரு குரலிலும் நடந்தது.

மாசி மாதத்தில் காமன் கூத்து விடிய விடிய ஆடுகிற மக்கள் நாம். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இரவில்தான் மேடை ஏறும். ஊரடங்கும் அவசரகாலச் சட்டமும் உள்ள காலத்தில் இரவில் தப்புச் சத்தம் கேட்டால் ஆமி வரும் என்ற பயம் பல தோட்டங்களில் இருந்தது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். ஆடுகிற இளைஞன் கொழும்பில். அவன் லீவில் வந்தால் அடையாளம் கேட்பார்கள் என்று தாய் அவனை வரவேண்டாம் என்கிறாள். இப்படிச் சில இடங்களில் கூத்து சுருங்கியது, சில இடங்களில் நின்றே போனது. ரதி வேடம் கட்டியவர் வயதாகிப் போனார், பழக்கிவிட ஆள் இல்லை. டெலிவிசன் வந்ததால் கூத்து செத்தது என்று சொல்வது பாதி உண்மை. மீதி உண்மை யுத்தத்தில் இருக்கிறது.

இனி வன்னிக்குப் போவோம். 1977இலும் 1983இலும் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தார்கள். பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம், கிருஷ்ணபுரம் என்று கிளிநொச்சியில் அவர்களுடைய ஊர்கள் இருக்கின்றன. அங்கே அவர்களைத் "தோட்டக்காட்டான்" என்று சொன்ன வாய்களும் உண்டு. யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது அந்த வேற்றுமை பார்க்கப்படவில்லை. விரும்பிப் போனவர்களும் உண்டு, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு. 2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்தபோது அது யாழ்ப்பாணமா, மலையகமா என்று கேட்கவில்லை. செத்தவர்களில் நமது இரத்தமும் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவில் உட்கார்ந்தார்களே, அந்தப் போராட்டத்தில் கண்டிக்கும் மாத்தளைக்கும் வேர் உள்ள குடும்பங்களும் உண்டு. இன்றும் அங்கே பலர் குடியிருக்கிற காணிக்கு உறுதி இல்லாமல் இருக்கிறார்கள். தப்பி இந்தியாவுக்குப் போனவர்களோ, தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை பெற்றுப் பேரனும் கண்டுவிட்டார்கள். 2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் "இந்தியத் தமிழர்" என்று பதியப்பட்டோர் 8 இலட்சத்து 18 ஆயிரத்துச் சொச்சம். 2012இல் 8 இலட்சத்து 39 ஆயிரத்துச் சொச்சம். இந்த 31 வருடத்தில் நாட்டின் சனத்தொகை 1 கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடி 3 இலட்சமானது. நாம் மட்டும் ஏன் வளரவில்லை? இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் ஒரு பகுதி. வடக்கே போய் "இலங்கைத் தமிழர்" என்று பதிந்தோர் ஒரு பகுதி. இங்கேயே இருந்துகொண்டு, "இந்தியா" என்ற சொல்லால் மறுபடி என்ன வருமோ என்று மாற்றிப் பதிந்தோரும் உண்டு. பயம் எண்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆனால் அதே காலத்தில்தான் "மலையகத் தமிழர்" என்ற பெயரை நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லவும் பழகினோம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் அந்தப் பெயர்தான் முன்னால் போனது. முன்னோர் காட்டுப் பாதையில் செத்து விழுந்த வழியிலேயே, வன்னியின் யுத்த பூமியையும் கடந்து, மக்கள் நடந்து வந்தார்கள்.

தோழர்களே, மயிலப்பிட்டிய தூபியைப் பற்றி இன்னொரு சொல். அந்தத் தூபி யாருக்காக நிற்கிறதோ அந்தப் படைவீரர்கள் யார்? பெரும்பாலும் வேலை இல்லாத கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். நமது தோட்டத்துக்குக் கீழே வயலும் மிளகும் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள். 1987 முதல் 1989 வரை ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் இதே கண்டியைச் சுற்றிய சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஆறுகளில் பிணங்கள் மிதந்தன. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வெட்டப்பட்ட தலைகளை வரிசையாக வைத்தார்கள். அந்தத் தாய்மாருக்கும் முறையான பதில் கிடைக்கவில்லை. துரைமார் வீட்டிலும் மந்திரிமார் வீட்டிலும் யாரும் மயிலப்பிட்டியவுக்கும் போகவில்லை, முள்ளிவாய்க்காலுக்கும் போகவில்லை. தொழிற்சங்கக்காரர் பார்க்க வேண்டிய கணக்கு இது. எந்த இனத்துத் தாய் அழுதாலும் அவள் கையில் காய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும்.

ஞாபகத்தை மூடி வைத்தால் சமாதானம் வரும் என்பவர்களுக்கு 2018 மார்ச் மாதத்தைக் காட்டுங்கள். திகன, தெல்தெனிய பக்கத்தில் முஸ்லிம் மக்களின் வீடும் கடையும் பள்ளிவாசலும் எரிந்தன. அவசரகால நிலை வந்தது. 1983இல் கண்டியில் தமிழனுக்கு நடந்தது, 35 வருடத்துக்குப் பிறகு அதே கண்டியில் முஸ்லிமுக்கு நடந்தது. முதல் தீயைப் பற்றி ஊர் ஒழுங்காகப் பேசியிருந்தால் இரண்டாவது தீக்கு எண்ணெய் ஊற்றக் கை கூசியிருக்கும்.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். லெபனானில் 1975 முதல் 1990 வரை உள்நாட்டு யுத்தம். முடிந்து பல வருடமாகியும், எல்லோருக்கும் பொதுவான ஒரு வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் அந்த நாட்டால் உடன்பட முடியவில்லை. பள்ளிக்கூட வரலாறு சுதந்திரம் கிடைத்ததோடு நின்றுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருக் கதையை மட்டும் கேட்டு வளர்கிறது. ஸ்பெயினில் யுத்தம் முடிந்தது 1939இல். பேசாதிருப்போம் என்று பெரியவர்கள் உடன்பட்டார்கள். ஆனால் பேரப்பிள்ளைகள் விடவில்லை. 2007இல் வரலாற்று நினைவுச் சட்டம் வந்தது. பாட்டன்மாரின் எலும்பைத் தோண்டி எடுத்துப் பெயர் சொல்லி அடக்கம் செய்கிறார்கள். எவ்வளவு காலம் மண் போட்டு மூடினாலும் ஒரு நாள் யாரோ ஒருவர் கேட்கத்தான் செய்வார்.

இங்கேயும் நல்ல யோசனைகள் வராமல் இல்லை. 2011இல் வெளிவந்த நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கையே, பெப்ரவரி 4ஆம் திகதி தேசிய தினத்தில் யுத்தத்தில் பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் ஒரு நிகழ்ச்சி வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. நம்மிடம் பழக்கம் இருக்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் விழுந்த கோவிந்தனை நாம் மறக்கவில்லை. 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் காணிக்காக உயிர் கொடுத்த சிவனு லெட்சுமணனை மறக்கவில்லை. அரசாங்கத்தின் கல் இல்லாமலேயே தொழிலாளி தன் தியாகிகளை ஞாபகத்தில் வைத்திருக்கிறான்.

ஆகவே கமிட்டிகளுக்கு நான்கு வேலைகள் தருகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு பெயர் ஏடு. 1977, 1981, 1983இல் யார் அடிபட்டார், யார் எங்கே போனார், யார் பிடிபட்டார், யார் திரும்பவில்லை என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். 1983இல் 20 வயதாக இருந்தவர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். அடுத்த வருடம் கேட்கலாம் என்று தள்ளிப் போடக்கூடிய வேலை இல்லை இது. பெண்களிடம் கேட்க மாதர் சங்கத் தலைவிகள் போங்கள். ஆண்கள் கேட்டால் வராத பேச்சு இருக்கிறது. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் ஒரு பெயரும் வெளியே போகக் கூடாது.

இரண்டாவது, பழைய ஆவணங்கள். செக்ரோல் புத்தகம், பிறப்புப் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவு, பள்ளிக்கூட வரவு இடாப்பு ஆகியவை தோட்ட ஆபீசுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கறையான் தின்னக் கிடக்கின்றன. நமது மாவட்டத்துத் தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறும்போது அவை குப்பைக்குப் போகும். வன்னியில் உள்ள ஒருவர் தன் தகப்பன் பிறந்த இடத்தை நிரூபிக்க அந்த ஒரு வரி தேவைப்படலாம். அவற்றைப் பாதுகாக்கவும் பிரதி எடுக்க அனுமதி தரவும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, ஜனவரி 10ஆம் திகதி தியாகிகளை நினைவுகூரும்போது, யுத்தத்தில் போன நமது ஆட்களின் பெயரையும் வாசிப்போம். பக்கத்துக் கிராமத்தில் பிள்ளையை இழந்த சிங்களக் குடும்பத்தையும் முஸ்லிம் குடும்பத்தையும் அழைப்போம். வந்தால் கைகூப்பி வரவேற்போம். வராவிட்டால் அடுத்த வருடமும் அழைப்போம்.

நான்காவது, பிள்ளைகள். விடுமுறையில் உங்கள் பிள்ளை பாட்டியிடம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி வரட்டும். நின்றுபோன கூத்தை அறிந்த ஒருவராவது உங்கள் தோட்டத்தில் இருந்தால் இந்த மாசியிலேயே அவரை வாத்தியாராக்குங்கள். ஆசிரியர்களான நாங்கள் பின்னேரம் வந்து நிற்போம்.

கடைசியாக ஒன்று. இந்த ஏடு யாரையும் பழிவாங்க எழுதும் ஏடு கிடையாது. அரசியல்வாதியின் மேடைக்கும் இதைக் கொடுக்க மாட்டோம். நாளைக்குக் காணிக்கும் வீட்டுக்கும் சம்பளத்துக்கும் பேசப் போகும்போது, "நீங்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், என்ன இழந்தீர்கள்?" என்று கேட்பார்கள். அப்போது தடுமாறாமல் பதில் சொல்ல நம்மிடம் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, ஆளுக்கு ஒரு கொப்பி வாங்கி முதல் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.